சாட்ஸ்வர்த்தில் பழைய வீடு: பெயிண்ட், குழாய், குப்பை, எது முதலில்?

புதுச்சாவி | 21 ஜூலை 2024

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில், 1960களில் கட்டின இரண்டு மாடி வீடு, ஒரு பக்கம் பொதுச்சுவர். சாவி கைக்கு வந்துவிட்டது. விற்றவர் பாதிச் சாமானை உள்ளேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும். என் கணக்கு இதுதான்: ஒரு சனி ஞாயிறில் பக்கி (பின்பக்கம் திறந்த சின்ன லாரி) வைத்து எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிடுவது, அடுத்த வாரம் பெயிண்ட், ஒழுகும் குழாய்களைக் குடிவந்த பிறகு பார்த்துக்கொள்வது. சரிதானே?

அரையங்குலம் | 21 ஜூலை 2024

தலைகீழ், தம்பி. குழாய் முதலில், பெயிண்ட் கடைசியில். புதுப் பெயிண்ட் அடித்த சுவரை உடைத்துப் பைப் மாற்றினால் இரண்டு செலவு.

குப்பையை மட்டும் இந்த சனி ஞாயிறிலேயே அள்ளிவிடு. சாமான் இருந்தால் சுவர் தெரியாது.

அரையங்குலம் | 22 ஜூலை 2024

நேற்று எழுதின கடைசி இரண்டு வரியைத் திரும்பப் பெறுகிறேன். அள்ளாதே. இன்னும் பக்கி சொல்லவில்லை என்றால் நல்லது.

பழைய வீட்டில் ஒரு சாமான் கிடக்கிற இடம் சும்மா அமைந்ததில்லை. சீலிங்குக்கு மேலே ஒரு வாளி இருந்தால் அதற்கு நேர் மேலே கூரையில் ஓட்டை இருக்கிறது, அல்லது இருந்து யாரோ அடைத்திருக்கிறார்கள். சன்னல் கட்டையில் மடித்து வைத்த செய்தித்தாள் என்றால் மழைச்சாரல் உள்ளே வருகிறது. அலமாரியின் ஒரு காலுக்கு மட்டும் செங்கல் துண்டு கொடுத்திருந்தால் தரை இறங்கியிருக்கிறது. சமையலறைச் சிங்க் அடியில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால், நான் சொல்லவே வேண்டாம். விற்றவர் சொல்லாததை அவர் விட்டுப்போன சாமான் சொல்லிவிடும்.

அதனால் எதையும் நகர்த்துமுன் அறை அறையாகப் போனில் படம் எடு. அலமாரியின் பின்புறம், கட்டிலின் அடி, கதவின் பின்பக்கம் எல்லாம். வாளி, துணி, டப்பா இருந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வை. அப்புறம் அள்ளு.

அள்ளும்போதும் தனியே ஒரு பெட்டி வேண்டும்: மிச்சம் இருக்கும் டைல்கள், பெயிண்ட் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் நிறத்தின் எண், சாவிக் கொத்து, பழைய குழாய்த் தலை, கதவுக் கைப்பிடி, கீசர் உத்தரவாதச் சீட்டு. அந்தக் காலத்து டைல் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. பாத்ரூமில் நாலு டைல் உடைக்க நேரும் நாளில் கராஜில் கிடந்த ஆறு டைல்தான் தெய்வம்.

புதுச்சாவி | 22 ஜூலை 2024

சீலிங்குக்கு மேலே வாளி இல்லை அண்ணே. மூன்று வாளி, ஒரு குழந்தை குளிக்கும் டப்.

அரையங்குலம் | 22 ஜூலை 2024

டப் வைக்கிற அளவுக்கு ஒழுகினதா! கூரையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். மேலே ஏறிவிடாதே. முக்கியமான காரணம் இருக்கிறது.

அரையங்குலம் | 24 ஜூலை 2024

தண்ணீர்ச் சோதனை. காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடு. வாசலோரத்து மீட்டரைத் திற. எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது அசையக் கூடாது. எண்ணைப் படம் எடுத்துவிட்டு 30 நிமிடம் கழித்துப் பார். ஓடியிருந்தால், பைப் வீட்டுக்குள் நுழையும் இடத்திலுள்ள ஸ்டாப்காக்கை (தண்ணீரை நிறுத்தும் வால்வு) மூடிவிட்டு மறுபடி பார். இப்போதும் ஓடினால் கசிவு மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே, மண்ணுக்கடியில். நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள்.

வீட்டுக்குள் என்றால் முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டி மேல்தான். தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் 20 நிமிடம் விடு. கோப்பையில் மஞ்சள் இறங்கினால் அடி ரப்பர் போய்விட்டது.

ஸ்டாப்காக்கே மூடவில்லை என்றால் (வருடக்கணக்கில் தொடாதது இறுகித்தான் இருக்கும்) பலம் போடாதே. க்யூ20 (இறுகினதை இளக்கும் எண்ணெய் ஸ்பிரே) அடித்து ஒரு ராத்திரி விட்டு, கால் திருப்பு மூடி கால் திருப்பு திற, மாற்றி மாற்றி. உள்ளே திரும்பும் தண்டு (ஸ்பிண்டில்) முறிந்தால் நகராட்சி வந்து மீட்டரில் தண்ணீரை நிறுத்தும் வரை குடை பிடிக்க வேண்டியதுதான்.

மெயின்சுவிட்ச் | 24 ஜூலை 2024

மஞ்சள் தூள் தண்ணீரில் கரையாது அண்ணா. தொட்டியின் அடியில் வண்டலாகப் படியும், ரப்பர் நன்றாக இருந்தாலும் பிறகு ஃப்ளஷ் பண்ணும்போது கோப்பை மஞ்சளாகும். கேசரி பவுடர் போடச் சொல்லுங்கள்.

அரையங்குலம் | 25 ஜூலை 2024

அக்கா சொல்வது சரி. கேசரி பவுடர். மஞ்சளைப் பால் காய்ச்சுகிற அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரையங்குலம் | 28 ஜூலை 2024

சொட்டும் குழாய். இதை எல்லோரும் வாஷர் மாற்றுகிற வேலை என்று நினைக்கிறார்கள். பாதி உண்மைதான்.

தண்ணீரை நிறுத்து, குழாயைத் திறந்து வடியவிடு, சிங்க் துளையைத் துணியால் அடை. திருகு விழுந்தால் உள்ளே போய்விடும். மேல்மூடியைக் கழற்றினால் அறுகோண நட்டு தெரியும். அதைத் திருப்பித் தலைப்பகுதியை வெளியே எடு. அடியில் இருக்கும் அரையங்குல வாஷரை மாற்று. இதுவரை சுலபம். இப்போது விரலை உள்ளே விட்டு வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பார். நகத்தில் பள்ளம் இடறினால் புது வாஷரும் சில வாரத்தில் அதே இடத்தில் அறுந்து சொட்டும். விளிம்பைச் சமன் செய்ய ஒரு கைக்கருவி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். நாலைந்து சுற்று, மெதுவாக. விலைகொடுத்து வாங்கும் ஒரே கருவி இதுவாக இருந்தாலும் நட்டமில்லை.

எங்கே கெடுகிறது என்றால், நட்டைத் திருப்பும்போது குழாயின் உடலும் சேர்ந்து திரும்பும் இடத்தில். 60களின் வீட்டில் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் கால்வனைஸ்டு இரும்புப் பைப். உள்ளே துரு ஏறித் துளை பென்சில் அளவு சுருங்கியிருக்கும், மரை வெட்டின இடத்தில் இரும்பு காகிதமாக இருக்கும். ஒரு முறுக்கு போதும், சுவருக்குள்ளே ஒடிந்துவிடும். அது உடனே தெரியாமல், மூன்று நாள் கழித்து அடுத்த அறைச் சுவரில் ஈரமாகத் தெரியும். அதனால் எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று நட்டில், இன்னொன்று குழாயின் உடலை எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொள்ள. குரோம் பூச்சு கீறாமல் இருக்கப் பழைய துணி சுற்றிக்கொள்.

வெந்நீர்க் குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வருகிறது, காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறம் என்றால் வாஷரைப் பற்றியே யோசிக்காதே. அந்தப் பைப்பின் ஆயுள் முடிந்தது. பெயிண்டுக்கு முன்னால் மாற்றிவிடு.

மெயின்சுவிட்ச் | 30 ஜூலை 2024

கரன்ட் பக்கம் நான் சொல்கிறேன். வீடு பெயர் மாறும்போது விற்றவர் மின் தகுதிச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். கைமாற்றுக்கு 2 வருடத்துக்கு மேல் பழைய சான்றிதழ் செல்லாது. அதைச் சும்மா கோப்பில் போடாமல், கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அதில் எழுதியிருக்கும் பிளக் பாயின்ட், லைட் பாயின்ட் எண்ணிக்கையும் வீட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா? வெளிக்கட்டில் இரண்டு பாயின்ட் கூடுதல் என்றால் யாரோ கைவேலையாக இழுத்தது. அதற்குச் சான்றிதழ் பொறுப்பில்லை.

டிபி போர்டில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) எர்த் லீக்கேஜ் என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கரன்ட் கசிந்தால் தானே விழ வேண்டியது. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தி விழவில்லை என்றால் அன்றே எலக்ட்ரீஷியன்.

சும்மா சும்மா விழுகிறது என்றால்: எல்லா பிரேக்கரையும் இறக்கு, எர்த் லீக்கேஜை ஏற்று, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்று. எதில் விழுகிறதோ அந்தச் சுற்றில் கோளாறு.

மெயின்சுவிட்ச் | 31 ஜூலை 2024

மேலே எழுதினதில் ஒரு ஓட்டை. பிரேக்கர் பெரும்பாலும் ஒற்றைத் துருவம், லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பிரேக்கர் இறங்கியிருந்தாலும் எர்த் லீக்கேஜ் விழும். நல்ல சுற்றை ஏற்றும்போது விழுந்து, அதன் மேல் பழி விழும். ஆகவே முதலில் எல்லா பிளக்கையும் சுவரிலிருந்து உருவு. சுவிட்சை அணைத்தால் போதாது, உருவ வேண்டும். வாசல் விளக்கு, வெளிக்கட்டு பிளக் இரண்டிலும் ஈரம் இருக்கிறதா பார். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, கீசர் எலிமென்ட் மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். எல்லாம் உருவியும் விழுந்தால் கோளாறு வயரிங்கில், அல்லது கீசர் மாதிரி பிளக் இல்லாமல் நேரே இணைத்ததில். அது வீட்டுக்காரர் வேலை இல்லை, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

இன்னொன்று. பல்ப் ஹோல்டரைக் கழற்றும்போது வயரின் உறை ரப்பராக இருந்து, வளைத்ததும் பொரிகிற அப்பளம் மாதிரி உதிர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டேப் சுற்றி உள்ளே தள்ளாதீர்கள்.

அரையங்குலம் | 3 ஆகஸ்ட் 2024

கூரை. புதுச்சாவி அனுப்பின படத்தில் சாம்பல் நிற நெளிதகடு. கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, ஆனால் 60களின் சிமென்ட் தகடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள். இந்த நாட்டில் அதற்குத் தடை வந்ததே 2008இல். மழைநீர்க் கால்வாய், இறங்கு குழாய், வெளிக்கட்டுச் சீலிங் பலகைகூட அதே சரக்காக இருக்கலாம்.

உடையாமல் பெயிண்ட் மூடி இருக்கிற வரை அது பெரிய ஆபத்தில்லை. ஆபத்து துளை போடுவதில், கம்பித் தூரிகையால் தேய்ப்பதில், பாசியை ஹை பிரஷரில் அடிப்பதில். மூன்றும் நாரைக் காற்றில் கலக்கும். 'கூரை கழுவித் தருகிறோம்' என்று மெஷினோடு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடு. தகட்டின் மேல் கால் வைக்காதே என்றது இதற்காக மட்டுமில்லை: அறுபது வருடத் தகடு ஆள் பாரம் தாங்காது, நேராக டப்புக்குள் விழுவாய்.

உடைந்த தகட்டைக் கறுப்புக் குப்பைப் பையில் போடக் கூடாது. கழற்றுவதும் கொண்டுபோவதும் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் வேலை. 2020 விதிகள் அதை இன்னும் இறுக்கியிருக்கின்றன. உன் வீடு பொதுச்சுவர் வீடு, கூரை பக்கத்து வீட்டோடு சேர்ந்தது. மாற்றுவதானால் அவர்களிடம் முதலில் பேசு. இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினால் நடு மூட்டு ஒழுகாது.

அதுவரை மழைக்காலத்துக்கு முன், அக்டோபருக்குள், கால்வாயில் இலை அள்ளிவிட ஏணி போதும், கூரையில் ஏற வேண்டாம். மூன்று வாளியில் ஒன்றாவது கால்வாய் நிரம்பி உள்ளே வழிந்த தண்ணீராக இருக்கும். 2022 ஏப்ரலில் டர்பனில் வெள்ளம் கொண்டுவந்த மழையை மறந்திருக்க மாட்டாய்.

கரணை | 5 ஆகஸ்ட் 2024

பெயிண்ட் பெயிண்ட் என்கிறீர்கள், சுவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஈரம் மூன்று வகை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை, வெள்ளை உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிர்ந்தால் கீழிருந்து ஏறும் ஈரம். எங்கேயோ நடுச்சுவரில் திட்டு என்றால் பைப். மூலையில், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி என்றால் காற்று போகாத பூஞ்சை. சந்தேகமாக இருந்தால் ஒரு அடிச் சதுர அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடு. தாளின் சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள் தண்ணீர். அறைப் பக்கம் என்றால் காற்றின் ஈரம், சன்னலைத் திறந்தாலே பாதி குறையும்.

ஏறும் ஈரத்துக்கு ஊசி போட (சுவரில் துளையிட்டு ஈரம் தடுக்கும் மருந்து செலுத்த) ஆள் கூப்பிடுமுன் வெளியே போய் மண்வெட்டி எடு. சுவரில் ஈரத்தடுப்புப் படலம் ஒரு செங்கல் வரிசைக்கு நடுவே ஓடும். மண் அதற்கு 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அறுபது வருடம் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் எருப் போட்டுப் போட்டு மண் படலத்துக்கு மேலே ஏறியிருக்கும். மண்ணை இறக்கினால் பல வீட்டில் வேலை அங்கேயே முடிந்தது.

அப்புறம் காயவிடு. ஒரு அங்குலச் சுவருக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. ஈரச் சுவர் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் முதலில் பார்க்க நன்றாக இருக்கும், பிறகு தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி கொப்புளம்.

பழைய எண்ணெய்ப் பெயிண்டை உலர்வாகச் சுரண்டாதே. ஈயம் இருக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய், குழந்தைகளை வேறு இடத்தில் விடு.

புதுச்சாவி | 6 ஆகஸ்ட் 2024

அப்படியானால் ஆவணியில் பெயிண்ட் இல்லை. சாமி அறை மட்டுமாவது? அந்தச் சுவர் கறுப்பாக, கை வைத்தால் ஒட்டுகிறது.

கரணை | 6 ஆகஸ்ட் 2024

சாமி அறை உள்சுவர் என்றால், காய்ந்திருந்தால், தாராளமாக. ஆனால் அது அழுக்கு இல்லை, எண்ணெய்ப் புகை. நாற்பது வருடக் கற்பூரமும் நல்லெண்ணெய் விளக்கும். அதன் மேல் நேராகத் தண்ணீர்ப் பெயிண்ட் அடித்தால் முதல் கோட்டில் முத்து முத்தாக உருளும், இரண்டாவது கோட்டில் மஞ்சள் கறை ஊடுருவி மேலே வரும், ஐந்தாவது கோட்டிலும் வரும்.

சுகர் சோப் (பெயிண்டுக்கு முன் சுவர் கழுவும் தூள்) கரைத்துக் கீழிருந்து மேலாகக் கழுவு. மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற கறுப்புத் தண்ணீர் உலர்ந்த சுவரில் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு போகவே போகாது. நல்ல தண்ணீரால் இரண்டு தடவை அலசு. விளக்குப் பிறைக்கு மேலே மட்டும் இன்னொரு தடவை. விரல் வழுக்காமல் இழுபட்டால் சுத்தம். ஒரு நாள் காயவிட்டு, கறை தடுக்கும் எண்ணெய் பிரைமர் ஒரு கோட், ராத்திரி முழுக்கக் காயட்டும். பிறகு எந்தப் பெயிண்டும் பிடிக்கும்.

அரையங்குலம் | 11 ஆகஸ்ட் 2024

கீசர். அதன் சுவிட்சை அணைக்காமல் எதையும் தொடாதே, தண்ணீர் நிரம்பாமல் சுவிட்சைப் போடாதே. காலி டாங்கில் எலிமென்ட் சட்டென்று எரிந்துவிடும்.

வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கீசர் பைப் சொட்டலாமா என்று தனியாகக் கேட்டிருந்தாய். கொஞ்சம் சொட்ட வேண்டும். 150 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாகும்போது 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் விரியும், அது போக வழி வேண்டும். யாரும் வெந்நீர் திறக்காத நடுராத்திரியிலும் நில்லாமல் சொட்டினால் அழுத்த வால்வு போய்விட்டது, அல்லது 400 கிலோபாஸ்கல் கீசருக்கு யாரோ வேறு அளவு வால்வு போட்டிருக்கிறார்கள். கீசரின் தகட்டில் எண் இருக்கும், ஒப்பிட்டுப் பார். டாங்கிலிருந்து நேரே வருகிற பாதுகாப்பு வால்வின் பைப்பில் கொதிநீரோ ஆவியோ வந்தால் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டது: உடனே டிபியில் அணை.

இந்தப் பைப்பைக் கட்டையால் அடைத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சொட்டு நிற்கும், அழுத்தம் நிற்காது. உன் வீட்டில் அடைத்திருந்தால் கீசரை அணைத்துவிட்டு அதன் பிறகு இந்த இழையைப் படி.

கீசருக்கு அடியில் டிரிப் டிரே இல்லை என்றால் மாற்றும்போது கேட்டு வாங்கு. இது லைசென்ஸ் பிளம்பர் வேலை. சான்றிதழ் இல்லாமல் மாற்றினால் வெடித்த அன்று இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

புதுச்சாவி | 18 ஆகஸ்ட் 2024

அடைத்துத்தான் இருந்தது. விளக்குமாற்றுக் கட்டை. கீசரை அணைத்தாச்சு, பிளம்பர் நாளை வருகிறார்.

கராஜில் இன்னும் இருப்பது: காவடிச் சட்டம் இரண்டு, அம்மி, தையல் மெஷின், கண்ணாடி உடைந்த சாமி படங்கள், ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய காகிதம். அலமாரியின் அடியில் கசகசா கொட்டின மாதிரி ஏதோ.

கரணை | 18 ஆகஸ்ட் 2024

கசகசாவை விளக்கில் பார். ஒவ்வொன்றும் ஆறு பட்டையாக இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். டர்பனில் கிரிப்டோடெர்மெஸ் பிரெவிஸ் என்ற இனம் பெயர்போனது. மண்புற்று கட்டாது, காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். மாவாக இருந்தால் வண்டு. ஸ்குரூடிரைவர் பிடியால் மரத்தைத் தட்டிக்கொண்டே போ, சத்தம் பொக்கென்று மாறும் இடத்தில் நிறுத்து. அலமாரியை மட்டும் எரித்துவிட்டுத் திருப்திப்படாதே, மேலே உத்தரத்திலும் அதே சோதனை செய்.

வண்டுச் சான்றிதழ் (மரத்தில் பூச்சி இல்லை என்பதற்கு) வாங்கியிருப்பாய். இந்தக் கடற்கரையில் அது விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுகிற வழக்கம். அதிலும் கண்ணுக்கு எட்டின மரத்துக்குத்தான் பொறுப்பு, நகர்த்தாத அலமாரிக்குப் பின்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெயின்சுவிட்ச் | 19 ஆகஸ்ட் 2024

காவடிச் சட்டம் தைப்பூசத்துக்கு யாராவது தேடுவார்கள், கோவிலில் சொல்லுங்கள். சாமி படத்தை ஆற்றிலோ கடலிலோ விட வேண்டாம்: கண்ணாடியைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றிப் போட்டுவிட்டு, படத்தையும் சட்டத்தையும் கோவிலில் கேட்டுக் கொடுங்கள். அம்மியைக் கொடுக்காதீர்கள், கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஆனால் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

அரையங்குலம் | 19 ஆகஸ்ட் 2024

காகிதப் பெட்டிதான் முக்கியம். இரண்டு வகைக் காகிதம் இருக்கலாம்.

ஒன்று, நகராட்சி அனுமதித்த வீட்டு வரைபடம். வெளிக்கட்டும் பின் வராந்தாவும் அதில் இருக்கிறதா பார். இல்லை என்றால் அனுமதி இல்லாமல் கட்டியது, இனி அது உன் தலைவலி. பெட்டியில் கிடைக்காவிட்டால் நகராட்சியில் நகல் கேள்.

இரண்டாவது, பெரியவர்களின் காகிதம். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்ததிலிருந்து 1911 வரை இங்கே ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண், கப்பல் பெயர், ஊர், தாலுகா எழுதின சீட்டு இருந்தால் ஒரு குடும்பத்துக்கு அது வேர். டேப் ஒட்டாதே, லாமினேட் பண்ணாதே. காகித உறையில் தட்டையாக வை, கராஜில் வைக்காதே. விற்றவரைக் கூப்பிட்டுக் கொடு. அவர்களுக்கு வேண்டாம் என்றால் 1860 ஹெரிடேஜ் சென்டர் அருங்காட்சியகத்திலோ, குவாசுலு-நடால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்துக் காந்தி–லுத்துலி ஆவண மையத்திலோ கேட்டுப் பார்.

மிச்சம் குப்பை. பழைய பெயிண்டையும் பூச்சி மருந்தையும் வடிகாலில் ஊற்றாதே. அட்டை, பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பையில்.

புதுச்சாவி | 16 செப்டம்பர் 2024

பால் காய்ச்சியாச்சு. சாமி அறை மட்டும் பெயிண்ட். விற்றவரின் மகள் வந்து காகிதப் பெட்டியை எடுத்துப்போனார். அம்மி மெயின்சுவிட்ச் அக்காவுக்கு.

குளியல் தொட்டி ஓரத்தில் சிலிக்கான் அடித்தேன், பத்தே நாளில் பிளந்துவிட்டது. ஏன்?

அரையங்குலம் | 16 செப்டம்பர் 2024

காலித் தொட்டியில் அடித்திருப்பாய். தண்ணீரும் ஆளும் சேர்ந்தால் தொட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும். பழையதை முழுக்க வெட்டி எடு, ஸ்பிரிட் போட்டுத் துடை, தொட்டியை விளிம்பு வரை நிரப்பு, அப்புறம் அடி. 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரை விடு.

புதுச்சாவி | 9 பிப்ரவரி 2025

மேல் மாடிக் கதவு மூடவில்லை, மேல் மூலை சட்டத்தில் இடிக்கிறது. இழைப்புளி வாங்கட்டுமா?

கரணை | 9 பிப்ரவரி 2025

பிப்ரவரியில் டர்பன் கதவை இழைக்காதே. இங்கே இப்போது கோடை, ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது, ஜூலைக் குளிரில் சுருங்கும்போது விரல் நுழைகிற சந்து விழும். இடிக்கிற இடத்தில் பென்சிலால் கோடு மட்டும் போட்டு வை.

அதற்கு முன் மேல் கீல் திருகுகளைப் பார். கதவை நுனியில் பிடித்து மேலே தூக்கினால் ஆடுகிறதா? ஆடினால் கதவு ஊதவில்லை, தொங்குகிறது. திருகை எடுத்துவிட்டு, மருந்து உடைத்த தீக்குச்சி மூன்று நாலை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் இறுக்கிச் செருகு, ஒரு ராத்திரி விட்டு வெளியே நீட்டினதை வெட்டு, அதே திருகைப் போடு. பழைய திருகு குட்டை என்றால் நடு ஓட்டைக்கு மட்டும் 50 மில்லிமீட்டர் திருகு. சட்டத்தின் ஆழத்தில் நல்ல மரத்தில் பிடிக்கும்.

புதுச்சாவி | 10 பிப்ரவரி 2025

ஆடுகிறது. தீக்குச்சி ஊறிக்கொண்டிருக்கிறது.